செய்தியைப் பார்த்துவிட்டுத் தூக்கம் வராதவர்களுக்கு: கேள்வி பதில்

போர், வன்கொடுமை, சாதிக் கலவரம் என்று தினமும் வந்து விழும் செய்திகளைப் பற்றி மனதில் இருப்பதைக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறையவே கேட்டுவிட்டீர்கள். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். என்னைத் தெரியாதவர்களுக்கு: தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் மனநல ஆலோசகராக இருந்து ஓய்வு பெற்றவள். டாக்டர் இல்லை, மாத்திரை பெயர் கேட்காதீர்கள். கேட்டவர்களின் ஊரை மட்டும் போடுகிறேன்.

ஓசூர், கம்பெனி வேலை: அக்கா, செகண்ட் ஷிப்ட் முடித்து ரூமுக்கு வரும்போது நடுராத்திரி ஆகிவிடும். படுத்தபடி போனை எடுத்தால் காசா குழந்தைகள் வீடியோ ஒன்று வரும். அப்புறம் அதே மாதிரி வந்துகொண்டே இருக்கும். 3 மணி வரை பார்க்கிறேன். நிறுத்தினால் அந்தக் குழந்தைகளுக்குத் துரோகம் செய்கிற மாதிரி இருக்கிறது.

தம்பி, நீங்கள் விடிய விடியப் பார்த்தாலும் அங்கே ஒரு குண்டு குறையாது. கடுமையாகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், இதை ஒத்துக்கொண்டால்தான் மேலே பேச முடியும்.

2013 ஏப்ரலில் அமெரிக்காவின் பாஸ்டன் மாரத்தானில் குண்டு வெடித்தது. அதற்குப் பிறகு கலிபோர்னியா ஆய்வாளர்கள் சில ஆயிரம் பேரிடம் விசாரித்தார்கள். குண்டு வெடித்த இடத்திலேயே இருந்தவர்களைவிட, அடுத்த ஒரு வாரம் தினமும் 6 மணி நேரத்துக்கு மேல் அந்தச் செய்தியையே பார்த்துக்கொண்டிருந்தவர்களிடம் மன அழுத்தத்தின் அறிகுறிகள் அதிகமாக இருந்தன. வீட்டு சோபாவில் உட்கார்ந்திருந்தவர்கள் இவர்கள்! உடம்புக்குத் தூரம் தெரியாது. கண் பார்த்தால் நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

டீக்கடை பேப்பர் படித்த காலத்தில் கடைசிப் பக்கம் வந்தால் மடித்து வைத்துவிடுவோம். போனுக்குக் கடைசிப் பக்கம் கிடையாது, அதை நாம்தான் போட வேண்டும். ஆட்டோபிளேயை அணைத்துவிடுங்கள். செய்தியைப் படியுங்கள், வீடியோ வேண்டாம். ஷிப்டுக்குப் போவதற்கு முன் பகலில் கால் மணி நேரம் போதும். போனைச் சார்ஜில் போடும் இடம் கை எட்டாத மூலையாக இருக்கட்டும். இரண்டு வாரம் இப்படிச் செய்தும் தூக்கம் சரியாகவில்லை என்றால் 14416-க்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்ற அரசு சேவை, காசு கிடையாது, எந்த நேரமும் தமிழில் பேசலாம். மெடிக்கலில் நீங்களாகத் தூக்க மாத்திரை கேட்டு நிற்காதீர்கள்.

தருமபுரி, கல்லூரி மாணவி: எல்லோரும் ஸ்டேட்டஸ் வைக்கும்போது நான் வைக்கவில்லை என்றால் "உனக்கு மனசே இல்லையா" என்கிறார்கள் மேடம்.

வைக்கத் தோன்றினால் வையுங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். 24 மணி நேரத்தில் மறைந்துவிடும் ஒன்றுக்காகத் தோழியோடு சண்டை வேண்டாம்மா.

காவேரிப்பட்டணம்: எனக்குத் தலைகீழ். சுனாமி சமயத்தில் டிவி முன்னால் அழுதவன் நான். இப்போது எத்தனை பேர் செத்தார்கள் என்று படித்தாலும் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறேன். மனசு மரத்துப் போய்விட்டதா?

மரத்துப் போகவில்லை ஐயா, எண்ணிக்கையைக் கண்டு யாருக்கும் அழுகை வராது. 2015 செப்டம்பரில் துருக்கிக் கடற்கரையில் கரையொதுங்கிய சிரியாச் சிறுவனின் படம் நினைவிருக்கிறதா? சிவப்புச் சட்டை, குப்புறக் கிடந்த சின்ன உடம்பு. அந்தப் போரில் அதற்குள் லட்சக்கணக்கானவர்கள் செத்திருந்தார்கள், உலகம் பேசாமல்தான் இருந்தது. அந்த ஒரு படம் வந்ததும் சுவீடன் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு நன்கொடை பல மடங்கு எகிறியது. சில வாரங்களில் அதுவும் இறங்கிவிட்டது. மனித மனம் ஒரு முகத்துக்கு இளகும், லட்சம் முகத்துக்குத் திகைத்துவிடும். அதனால் அழுகை வரவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். சின்னத் தொகையாக இருந்தாலும் மாதாமாதம் ஏதாவது ஒரு நல்ல அமைப்புக்குப் போகும்படி வங்கியில் சொல்லி வைத்துவிடுங்கள். அழுகிற நாளுக்காக அந்தப் பணம் காத்திருக்காது.

அரூர், சட்டம் படிக்கும் மாணவன்: எங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் வாச்சாத்தி. 1992-ல் நடந்த கொடுமைக்கு 2023-ல்தான் உயர் நீதிமன்றத் தீர்ப்பு. 31 வருஷம்! இதைப் படித்தால் எனக்குக் கோபத்தில் கை நடுங்குகிறது. நீதிமன்றம் போய் என்ன பயன் என்றே தோன்றுகிறது.

கோபம் நியாயம்தான். ஆனால் அந்த 31 வருஷத்தில் என்ன நடந்தது என்று ஒருமுறை பாருங்கள்.

1992 ஜூன் 20. சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் சித்தேரி மலை அடிவாரத்தில் இருக்கும் அந்தப் பழங்குடி ஊருக்குள் புகுந்தார்கள். சனங்களை ஆலமரத்தடியில் கூட்டி வைத்து அடித்தார்கள். 18 பெண்களை ஏரிப் பக்கம் கொண்டுபோய்ப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். வீடுகளை நொறுக்கினார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்களை, குழந்தைகளைக்கூட விடாமல், சிறைக்குக் கொண்டுபோனார்கள். அதாவது, கொள்ளை போன வீட்டுக்காரர்களையே கைது செய்தார்கள்.

அந்த நிலைமையில் யாரிடம் புகார் கொடுப்பது? போலீஸும் கூட வந்த கூட்டம்தானே. தமிழ்நாடு பழங்குடி மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் விஷயத்தை வெளியே கொண்டுவந்தன. 1995-ல் உயர் நீதிமன்றம் சிபிஐ விசாரணைக்கு உத்தரவிட்டது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 2011 செப்டம்பர் 29-ல் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பு சொல்லும்போது அதில் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள். ஒருவர்கூட விடுபடவில்லை தம்பி. மேல்முறையீட்டை விசாரித்த உயர் நீதிமன்ற நீதிபதி தீர்ப்புக்கு முன் நேரிலேயே வந்து ஊரைப் பார்த்தார். 2023 செப்டம்பர் 29-ல் அத்தனை மேல்முறையீடும் தள்ளுபடி. பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம்.

இதைச் சாதித்தவர்களுக்கும் உங்கள் கோபம் இருந்தது. அவர்கள் அதைத் தேதி, சாட்சி, மனு, வாய்தா என்று காகிதமாக மாற்றினார்கள். கூலி வேலையை விட்டுவிட்டு பஸ் ஏறி நீதிமன்றத்துக்கு வந்து, அத்தனை அதிகாரிகளுக்கு முன்னால் நின்று, நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொன்ன பெண்கள் அவர்கள். 31 வருஷம் ஆனது அரசாங்கத்துக்கு வெட்கம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வழக்கே போடாமல் இருந்திருந்தால் இன்றைக்கு அது வெறும் ஊர்ப் பேச்சாகத்தான் இருந்திருக்கும். நீங்கள் சட்டம் படிக்கிறீர்கள். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் தன்னார்வலராகச் சேர முடியுமா என்று விசாரியுங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு என்பது மலையில் பாதிப்பேருக்குத் தெரியாது. 15100 என்ற இலவசச் சட்ட உதவி நம்பரை நாலு வீட்டுச் சுவரில் எழுதினாலே வேலை ஆரம்பித்துவிடும்.

அஞ்செட்டி பக்கம், ஆசிரியை: உலகச் செய்தி இருக்கட்டும் அக்கா. என் வகுப்பில் ஒரு பெண் வரவில்லை. கல்யாணப் பேச்சு நடக்கிறது என்று மற்ற பிள்ளைகள் சொல்கிறார்கள். நான் சொன்னதாகத் தெரிந்தால் இந்த ஊரில் இருக்க முடியாது.

இதைப் படிக்கும்போதே கூப்பிடுங்கள்: 1098, குழந்தைகள் உதவி எண். உங்கள் பெயரை வெளியே விட மாட்டார்கள், பெயர் சொல்லாமலும் தகவல் தரலாம். பெண்ணின் பெயர், ஊர், எந்தக் கொட்டாய், அப்பா பெயர், எப்போதிலிருந்து வரவில்லை, எந்த ஊர் மாப்பிள்ளை என்று கேள்விப்பட்டீர்கள். இவ்வளவு சொன்னால் போதும். மாவட்டச் சமூகநல அலுவலர்தான் குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலர், அவருக்கும் தகவல் போகட்டும்.

"கல்யாணப் பத்திரிகையே அடிக்கவில்லையே, வெறும் வதந்தியோ" என்று காத்திருக்க வேண்டாம். இந்த மாதிரிக் கல்யாணத்துக்கு யாரும் பத்திரிகை அடிப்பதில்லை. விடியற்காலையில் ஏதோ ஒரு கோயில், நாலைந்து சொந்தக்காரர்கள், சில சமயம் எல்லை தாண்டிக் கர்நாடகாவிலேயே முடிந்துவிடும். 2025 மார்ச்சில் உங்கள் அஞ்செட்டி மலையில் 14 வயதுப் பெண் கதறக் கதறத் தூக்கிக்கொண்டு போன வீடியோவை நாடே பார்த்தது. அதற்குப் பிறகு, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்திலும் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்திலும் வழக்கு வந்தது, கைதும் நடந்தது. வீடியோ வருவதற்குள் கல்யாணம் முடிந்துபோயிருந்தது என்பதுதான் வயிற்றெரிச்சல். உங்கள் மாணவிக்கு இன்னும் தாலி ஏறவில்லை. 2006-ன் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி நீதிமன்றத் தடை வாங்கி நிறுத்தலாம், தடையை மீறிக் கட்டினால் அந்தக் கல்யாணமே செல்லாது.

இன்னொன்று. இந்தச் செய்தியைப் பகிர்கிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். சிறுமியின் முகம், பெயர், பள்ளி, அப்பா அம்மா படம் எதையும் பரப்பாதீர்கள். போக்சோவில் அது குற்றம். "நியாயம் கிடைக்கட்டும்" என்று பார்வர்ட் செய்தேன் என்றாலும் குற்றம்தான்.

தருமபுரி: 2012 நவம்பரில் நத்தம் காலனி எரிந்தபோது நான் சின்னப் பையன். எரித்தவர்கள் என் சாதி. கூட வேலை செய்யும் நண்பர் பாதிக்கப்பட்ட சமூகம். எந்தச் சாதிக் கொலைச் செய்தி வந்தாலும் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மன்னிப்புக் கேட்டுவிடலாமா?

வேண்டாம். அவராகப் பேச ஆரம்பித்தால் குறுக்கே பேசாமல் கேளுங்கள். நீங்களாகப் போய் அழுதால், உங்களைத் தேற்றும் வேலையையும் அவர் தலையில் கட்டுகிறீர்கள்.

நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி என்ற மூன்று தாழ்த்தப்பட்ட மக்கள் குடியிருப்புகளிலும் சேர்த்து 200-க்கும் மேற்பட்ட வீடுகள் பாழாயின. பெங்களூரு போய்க் கூலி வேலை செய்து, சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கிய பீரோவும் டிவியும் பிள்ளைகளின் சர்டிபிகேட்டும் கருகின. ஒரு காதல் கல்யாணம்தான் காரணம் என்று சொல்லிக்கொண்டார்கள். மாடி வீடு கட்டிவிட்டார்களே என்ற பொருமலும் அதில் இருந்தது என்று அன்றே பலர் எழுதினார்கள், நானும் அப்படித்தான் நினைக்கிறேன். அந்தப் பொருமல் எங்கே வளர்கிறது? உங்கள் வீட்டுத் திண்ணையில், உங்கள் சொந்தக்கார வாட்ஸ்அப் குரூப்பில். உங்கள் நண்பரால் நுழைய முடியாத இடங்கள் அவை. நீங்கள் நுழையலாம். அடுத்த முறை மாமா ஒருவர் "அவனுங்களுக்கு இப்ப ரொம்ப ஏறிப்போச்சு" என்று ஆரம்பிக்கும்போது சிரித்து மழுப்பாமல் "இந்தப் பேச்சு வேண்டாம் மாமா" என்று சொல்லிப் பாருங்கள். நண்பர் வீட்டு விசேஷத்துக்குப் போனால் மொய் எழுதிவிட்டு ஓடி வராமல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். அவர்கள் இதைக் கவனிப்பார்கள்.

ஊத்தங்கரை, பெங்களூரில் கட்டட வேலை: பிள்ளை பிடிக்கிற கும்பல் வந்திருக்கிறது என்று ஆடியோ வந்தது. வீட்டில் மனைவி, குழந்தைகள் தனியாக இருக்கிறார்கள். நம்பாமல் எப்படி இருப்பது?

பயம் புரிகிறது. 2018 மே மாதம் இதே மாதிரி ஆடியோக்களை நம்பி, திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்குக் காரில் வந்த ஒரு வயதான அம்மாவைக் கூட்டம் அடித்தே கொன்றுவிட்டது. அவர் செய்தது குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததுதான். 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் சுற்றின. இங்கே வேலை பார்த்த பிள்ளைகள் மூட்டை கட்டிக்கொண்டு ரயில் ஏறினார்கள். பெங்களூரில் நீங்களும் வெளியூர்க்காரர்தானே, அந்தப் பயம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எந்த ஊர், எந்த ஸ்டேஷன், என்ன தேதி என்று இல்லாத ஆடியோவை அனுப்பாதீர்கள். சந்தேகம் என்றால் மனைவியை உங்கள் ஊர் ஸ்டேஷனுக்கு ஒரு போன் போட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.

சந்தூர், மாந்தோப்பு விவசாயி: பெங்களூரா மாங்காயைக் கேட்பாரில்லை. எனக்கு எதற்கு உக்ரைன், காசா?

உங்கள் கவலைதான் முதல் கவலை, அதில் மறுப்பில்லை. ஆனால் கிருஷ்ணகிரி மாங்கூழ் வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போகிறது. 2023 கடைசியில் காசா போரைக் காரணம் காட்டி ஏமனின் ஹூதிப் படையினர் செங்கடலில் கப்பல்களைத் தாக்க ஆரம்பித்ததும் ஐரோப்பா போகிற கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போயின, வாடகை ஏறியது. 2022-ல் உக்ரைன் போர் வந்ததும் பொட்டாஷ் விலை என்ன ஆனது என்று உங்களுக்கே தெரியும். நீங்கள் செய்தி பார்க்காவிட்டாலும் செய்தி உங்கள் தோப்புக்கு வந்துவிடுகிறது.

ஊத்தங்கரை பக்கம், இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்: எந்த நாட்டுப் போர் என்றாலும் விமானச் சத்தம் கேட்டால் எனக்கு 2009 வந்துவிடும். பிள்ளைகள் டிவியை நிறுத்தச் சொன்னால் கோபிக்கிறார்கள்.

அம்மா, உங்களுக்கு நடந்திருப்பது வேறு. மேலே எழுதிய கால் மணி நேரக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. நீங்கள் போர்ச் செய்தி பார்க்கவே வேண்டியதில்லை. சத்தம் கேட்டு நடுக்கம் வந்தால் காலைத் தரையில் அழுத்தி வைத்து, கண்ணில் படும் ஐந்து பொருளின் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள். குவளை, கதவு, கொடிக்கயிறு, இப்படி. இப்போது எந்த ஊரில் இருக்கிறோம் என்று உடம்புக்குத் தெரியும். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் ஒருமுறை காட்டுங்கள், இதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. பிள்ளைகளிடம் முழுக் கதையும் சொல்ல வேண்டாம். "அந்தச் சத்தம் எனக்கு ஆகாது" என்று மட்டும் சொன்னால் போதும்.

பாலக்கோடு: கோபத்தைக் காகிதமாக மாற்றுங்கள் என்று நீங்கள் எப்போதும் சுலபமாகச் சொல்லிவிடுகிறீர்கள். எங்கள் தெருவுக்கு மட்டும் குடிதண்ணீர் வருவதில்லை. ஏன் என்று ஊருக்கே தெரியும். மனு எழுதத் தெரியாதவன் என்ன செய்ய?

ஒரு வெள்ளைத்தாள் போதும். பெறுநர் கலெக்டர். எந்தத் தெரு, எத்தனை வீடு, எந்தத் தேதியிலிருந்து தண்ணீர் இல்லை, பக்கத்துத் தெருவுக்கு எப்போதெல்லாம் வருகிறது. அவ்வளவுதான், வர்ணனை வேண்டாம். தெருவில் எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள், பெண்கள் கையெழுத்து கட்டாயம் இருக்கட்டும். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுங்கள். ஜெராக்ஸ் ஒன்று வீட்டில் இருக்கட்டும். அடுத்த கிராம சபையில் அதே மனுவைப் படித்துத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். அப்புறமும் அசையவில்லை என்றால் 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, "என் மனுவின் மேல் என்ன நடவடிக்கை" என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். கலெக்டர் ஆபீஸில் மனுவைக் கொடுத்ததும் ரசீது தருவார்கள். அந்த நம்பர் இல்லாமல் பஸ் ஏறிவிடாதீர்கள்.