படிக்கும்போது புரிகிறது, ஹாலில் வரமாட்டேன் என்கிறதா?

கேள்வி: அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி ஒன்றில் மெக்கானிக்கல், மூன்றாம் செமஸ்டர். 2021 ரெகுலேஷன். மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ், ஸ்டாடிஸ்டிக்ஸ் அண்ட் நியூமெரிக்கல் மெத்தட்ஸ் இரண்டிலும் அரியர். தேர்வுக்கு எட்டு வாரம் இருக்கிறது. தினமும் மூன்று மணி நேரம் படிக்கிறேன், படிக்கும்போது புரியவும் செய்கிறது. ஹாலில் உட்கார்ந்தால் பாதி நினைவுக்கு வருவதில்லை. மீதியை எழுதி முடிக்க நேரம் போதவில்லை. என்ன செய்வது?

பதில்: மூன்று மணி நேரம் போதும். அந்த நேரத்தில் நீங்கள் செய்யும் வேலைதான் தவறு. புத்தகம் திறந்திருக்கும்போது வருவது அடையாளம் தெரிவது மட்டுமே. ஹாலில் வெறும் தாளில் எழுதச் சொல்கிறார்கள். எழுதிப் பழகாத கை அங்கே எழுதாது.

2006-ல் அமெரிக்காவில் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக்கி இருவரும் கல்லூரி மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு பகுதியை இரண்டு முறை படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து 81 சதவீதம் நினைவுகூர்ந்தார்கள். ஒரு முறை படித்து, மறுமுறை பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்களுக்கு 75 சதவீதம்தான். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் கணக்கு தலைகீழ்: திரும்பப் படித்தவர்களுக்கு 42, எழுதிப் பார்த்தவர்களுக்கு 56. முதல் நாள் இரவு படித்துவிட்டு ‘எல்லாம் வந்துவிட்டது’ என்று தோன்றுவது அந்த 81-ஐப் பார்த்துத்தான்.

முதலில் கேள்வித்தாளின் கணக்கைப் பாருங்கள். பார்ட் ஏ-யில் பத்து 2 மார்க், யூனிட்டுக்கு இரண்டு. பார்ட் பி-யில் ஐந்து 13 மார்க். சாய்ஸ் அந்தந்த யூனிட்டுக்குள்ளேயேதான் இருக்கும். பார்ட் சி-யில் ஒரு 15 மார்க். ஒரு யூனிட்டைக் கைவிட்டால் 17 மார்க் போச்சு. 15 மார்க்கும் அதிலிருந்தே வந்தால் 32. ‘மூன்று யூனிட் படித்தால் பாஸ்’ என்பது ஹாஸ்டலில் காலங்காலமாகச் சொல்லப்படும் கணக்கு. மூன்று யூனிட்டுக்கு உள்ளது 51 மார்க். அதில் 70 சதவீதம் வாங்கினால் கையில் நிற்பது 36, பாஸ் ஆகாது. ஐந்து யூனிட்டையும் சுமாராகத் தெரிந்துகொண்டு 60 சதவீதம் வாங்குகிறவர் பிழைத்துக்கொள்வார்.

இன்டர்னலையும் சேர்த்துப் பாருங்கள். உங்கள் ரெகுலேஷனில் தியரி பேப்பருக்கு இன்டர்னல் 40, தேர்வு 60. 100 மார்க் தாளில் நீங்கள் எடுப்பதுதான் 60-க்குச் சுருங்கும். தேர்வில் குறைந்தது 45 சதவீதம், இரண்டும் சேர்ந்து 50 வேண்டும். இன்டர்னல் 23 என்றால் தாளில் 45 எடுத்தால் போதும். அதுவே 18 என்றால் 54 தேவைப்படும். எந்த பேப்பரில் உங்களுக்கு எவ்வளவு வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதி மேஜையில் ஒட்டுங்கள். (தன்னாட்சிக் கல்லூரி என்றால் இந்த எண்கள் மாறலாம், உங்கள் கல்லூரியின் ரெகுலேஷனைப் பார்க்கவும்.)

இப்போது படிக்கும் முறை. ஒரு யூனிட்டை இரண்டு மூன்று தலைப்பாகப் பிரியுங்கள். ஒரு தலைப்பை 25 நிமிடம் படியுங்கள், கோடு போடாமல், ஹைலைட்டர் இல்லாமல். மூடுங்கள். வெள்ளைத்தாளில் 15 நிமிடம், நினைவில் உள்ளதை எல்லாம் எழுதுங்கள்: படம், சூத்திரம், தலைப்புகள். பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதைச் சிவப்பு மையில் சேருங்கள். அந்தச் சிவப்புதான் அடுத்த முறை படிக்க வேண்டியது, மற்றதைத் தொட வேண்டாம். மறுநாள் பத்து நிமிடம், மூன்றாம் நாள், ஏழாம் நாள், மூன்றாவது வாரம் என்று அதே தலைப்பை மறுபடி வெறும் தாளில் எழுதுங்கள். தாள் நிறையாத முதல் சில நாட்கள் எரிச்சலாக இருக்கும். அங்கேதான் பெரும்பாலானோர் பழையபடி வாசிக்கப் போய்விடுகிறார்கள்.

உதாரணத்துக்கு இந்த செமஸ்டரின் மெட்டலர்ஜி பேப்பரில் இரும்பு-கார்பன் படம். பத்து முறை பார்த்தவரும் வரையச் சொன்னால் கோட்டை எங்கே திருப்புவது என்று தெரியாமல் நிற்பார். வெறும் தாளில் அச்சுகளைப் போட்டு முதலில் இரண்டு புள்ளிகளை வையுங்கள்: 727 டிகிரியில் 0.8 சதவீதம் கார்பன், யூடெக்டாய்ட். 1147 டிகிரியில் 4.3 சதவீதம், யூடெக்டிக். இந்த இரண்டு கிடைமட்டக் கோடுகளும் சரியாக விழுந்தால் ஆஸ்டெனைட், ஃபெரைட், சிமெண்டைட் பகுதிகள் தானாக இடம் பிடிக்கும். சில புத்தகங்களில் 723 என்று இருக்கும். ஒன்றையே பிடித்துக்கொள்ளுங்கள்.

கணக்கு பேப்பர்களில் வேறு ஒரு நோய் உண்டு. தீர்வைப் பார்த்துப் புரிந்துகொண்டதைப் ‘போட்டுப் பார்த்ததாக’ எண்ணிக்கொள்வது. தெர்மோடைனமிக்ஸில் நாசில், டர்பைன் கணக்கு எடுத்துக்கொள்ளுங்கள். திசைவேகம் நொடிக்கு 200 மீட்டர் என்றால், அதன் வர்க்கத்தில் பாதி, கிலோவுக்கு 20,000 ஜூல். என்தால்பியோ கிலோஜூலில் இருக்கும். ஆயிரத்தால் வகுத்து 20 கிலோஜூல் என்று சேர்க்காவிட்டால் விடை எங்கோ போய்விடும். கேஜ் அழுத்தத்தோடு வளிமண்டல அழுத்தத்தைக் கூட்ட மறப்பது, செல்சியஸை கெல்வினாக்காமல் விகிதம் போடுவது: இவை தீர்வைப் படிக்கும்போது கண்ணில் படாது, சொந்தமாகப் போட்டால்தான் மாட்டும். உங்கள் தவறுகளை ஒரு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒற்றை வரியாகக் குறித்து வாருங்கள். இரண்டு வாரத்தில் அதே நாலைந்து தவறுகள்தான் திரும்பத் திரும்ப வருவது தெரியும்.

மேட்ரிசஸ் அரியரில் சரிபார்க்கும் பழக்கம் மார்க்கைக் காப்பாற்றும். ஐகன் மதிப்புகளின் கூட்டுத்தொகை மூலைவிட்ட உறுப்புகளின் கூட்டுத்தொகைக்குச் சமம். பெருக்கல், டிடெர்மினன்ட்டுக்குச் சமம். அரை நிமிட வேலை. குவாட்ராட்டிக் ஃபார்மைக் கேனானிக்கல் ஃபார்முக்கு மாற்றும் நீளமான கணக்கில் ஐகன் மதிப்பு தவறினால் அதற்குப் பின் எழுதும் இரண்டு பக்கமும் வீண். வெக்டர்களை நார்மலைஸ் செய்ய மறப்பதும் இங்கேதான்.

எட்டு வாரத்தை இப்படிப் பிரிக்கலாம். இந்த செமஸ்டரின் ஆறு பேப்பரும் இரண்டு அரியரும் சேர்ந்து, பேப்பருக்கு ஐந்தாக 40 யூனிட். ஏழு வாரம், வாரத்துக்கு ஆறு யூனிட், ஒரு நாளுக்கு ஒன்று. மூன்று மணி நேரத்தில் இரண்டே கால் மணி புதிய யூனிட்டுக்கு, மீதி பழைய தாள்களுக்கு. ஒரே பேப்பரை வாரம் முழுக்க இழுக்காதீர்கள். இன்று தெர்மோ, நாளை மேட்ரிசஸ், மறுநாள் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் என்று கலந்து வையுங்கள். இப்படிக் கலக்கும்போது முன்னேற்றம் மெதுவாகத்தான் தெரியும். ஆனால் ஹாலில் எந்தக் கணக்குக்கு எந்தச் சூத்திரம் என்று தேர்ந்தெடுக்கும் பழக்கம் இதில்தான் வரும். போன் அடுத்த அறையில் இருக்கட்டும், மேஜையில் கவிழ்த்து வைப்பது போதாது.

ஞாயிற்றுக்கிழமை ஒரு பழைய கேள்வித்தாள், முழுசாக, மூன்று மணி நேரம், ஸ்டீம் டேபிளும் கால்குலேட்டரும் மட்டும் வைத்துக்கொண்டு. நேரம் போதாததற்கு மருந்து இதுதான். 180 நிமிடத்தில் தாளைப் படிக்க 5, பார்ட் ஏ-க்கு 25, ஒவ்வொரு 13 மார்க்குக்கும் 22, பார்ட் சி-க்கு 25. கையில் 15 நிமிடம் மிஞ்சும். 22 நிமிடம் ஆனதும் பாதியில் இருந்தாலும் இடம் விட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள். 2 மார்க்குக்கு நாலு வரிக்கு மேல் எழுதுவதுதான் பலருக்கும் நேரத்தைத் தின்னும் இடம்.

கடைசி வாரத்தில் புதிய யூனிட் எதுவும் தொட வேண்டாம். சிவப்பு மை மட்டும். விட்டுப்போன யூனிட் இருந்தால், முழுதாகப் பிடிக்க முயலாமல் அதன் 2 மார்க் கேள்விகளையும் ஒரே ஒரு 13 மார்க் கேள்வியையும் தயார் செய்யுங்கள். இரவு விழித்துப் படித்தால் படித்தது மனதில் பதியாது, காலையில் கையும் தடுமாறும். ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல் தூங்குங்கள்.

அட்டவணை வந்ததும் அரியர் தேதிகளை முதலில் பாருங்கள். ரெகுலர் பேப்பர் முற்பகலும் அரியர் பிற்பகலுமாக ஒரே நாளில் வருவது உண்டு. அப்படி விழுந்தால் அந்த அரியரின் கடைசி ஒத்திகைத் தாளை மூன்று நாள் முன்பே எழுதிவிடுங்கள். நடுவில் கிடைக்கும் இடைவெளியில் சாப்பிட்டுவிட்டு, தவறுகள் குறித்த அந்தக் கடைசிப் பக்கத்தை மட்டும் ஒருமுறை பார்த்தால் போதும்.