அமெரிக்காவில் டிராவல் பிசியோதெரபிஸ்ட் வேலைக்கு எந்த ஏஜென்சியில் சேர்வது?

கிரீன் கார்டு வந்துவிட்டது, இனி ஊர் ஊராகப் போய் 13 வார ஒப்பந்தங்களில் பிசியோதெரபி வேலை பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் பார்க்கலாம். எச்1பி வேலை விசாவில் இருப்பவர்கள் வேறு ஊருக்கு மாறும்போதெல்லாம் விசா மனுவைத் திருத்த வேண்டும். உங்களுக்கு அந்தத் தலைவலி இல்லை.

இந்த ஒப்பந்தங்களைப் பிடித்துத் தரும் ஏஜென்சி பெரியதா சின்னதா, வாரச் சம்பளம் எவ்வளவு என்பதெல்லாம் அப்புறம். ஒப்பந்தத்தில் உத்தரவாத மணிநேரம் எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நர்சிங் ஹோம்களில் நோயாளிகள் குறைந்தால் மதியமே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். என்னையும் அனுப்பியிருக்கிறார்கள். வாரம் 40 மணிநேரம் உறுதி என்று எழுத்தில் இருந்ததால் எனக்கு முழுப் பணமும் வந்தது. கூட வேலை பார்த்த ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் வேறு ஏஜென்சி. அவருக்குச் சம்பளத்தோடு வாடகைப் படியையும் வெட்டிவிட்டார்கள். வீட்டுக்காரர் வாடகையைக் குறைப்பாரா என்ன? பார்க்கவே கஷ்டமாக இருந்தது. ஏஜென்சியில் உங்களுக்கு வேலை பார்த்துத் தரும் ரெக்ரூட்டர் போனில் "அதெல்லாம் உண்டு" என்றால் போதாது, எழுதி வாங்குங்கள். மருத்துவமனை ஒப்பந்தத்தைப் பாதியில் ரத்து செய்தால் எத்தனை நாள் முன்னறிவிப்பு என்பதும் அதிலேயே இருக்க வேண்டும்.

அடுத்தது, சம்பளத்தைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். வரி உள்ள மணிச் சம்பளம் தனி, தங்குமிடம் சாப்பாட்டுக்கான வரியில்லாப் படி தனி. மணிச் சம்பளத்தை ரொம்பக் குறைத்துப் படியை ஏற்றினால் கையில் நிறைய வருவது போலத் தெரியும். ஆனால் வீட்டுக் கடன் கேட்கும்போதும் சோஷியல் செக்யூரிட்டி (அரசு ஓய்வூதியம்) கணக்கிலும் அந்தச் சின்னச் சம்பளம்தான் நிற்கும். தவிர, உங்களுக்கென்று ஒரு நிரந்தர வீடு இருந்து, அதற்கும் செலவு செய்துகொண்டு, வெளியூரிலும் தங்கினால்தான் அந்தப் படிக்கு வரி விலக்கு. ஒரே இடத்தில் ஒரு வருடத்துக்கு மேல் இருக்கப் போகிறீர்கள் என்றாலும் விலக்கு கிடையாது. "எல்லாரும் வாங்குகிறார்கள், கையெழுத்துப் போடுங்கள்" என்று சொல்லும் ரெக்ரூட்டரை அன்றைக்கே விட்டுவிடுங்கள். வருமான வரித் துறைக்குப் பதில் சொல்லப்போவது நீங்கள்தான்.

இரண்டு மூன்று ஏஜென்சிகளிடம் ஒரே நேரத்தில் பேசலாம், தப்பே இல்லை. ஆனால் "என்னைக் கேட்காமல் எந்த இடத்துக்கும் என் பெயரை அனுப்பக் கூடாது" என்று எல்லாரிடமும் சொல்லிவையுங்கள். ஒரே வேலைக்கு இரண்டு பக்கமிருந்து பெயர் போனால் பல இடங்களில் இரண்டையுமே ஒதுக்கிவிடுவார்கள்.