220 என்றால் எத்தனை?

கேள்வி: 1993-இல் தயாரான ஜப்பானியக் கார் ஒன்றை வைத்திருக்கிறேன். விட்டுவிட்டு இயங்க வேண்டிய வைப்பர் நின்றுவிட்டது. அதன் கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறந்தேன். உள்ளேயிருந்த சர்க்யூட் போர்டில் ரிலேயும் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) மின்பகு கெபாசிட்டரும் தெரிகின்றன. மூன்று பாகங்கள் மட்டும் விளங்கவில்லை. ‘220’ என்று பொறித்த நீல வட்டு, ‘சி1815 ஜிஆர்’ என்ற மூன்று கால் கறுப்புப் பாகம், எழுத்தே இல்லாத, கறுப்புக் கோடிட்ட கண்ணாடிக் குழல். இவை எவை? மாற்று கிடைக்குமா?
— வாசகர், ஈரோடு

பதில்: நீல வட்டுதான் ஆளை ஏமாற்றக்கூடியது. 220 என்ற எண்ணுக்கு ரெசிஸ்டரில் 22 ஓம், செராமிக் கெபாசிட்டரில் 22 பிக்கோஃபாரட், மின்னழுத்தம் அளவு மீறினால் அதை அடக்கும் வேரிஸ்டரில் 22 வோல்ட் என்று பொருள். கடைசி இலக்கம், முன்னிரண்டு இலக்கங்களுக்குப் பின் எத்தனை சுழியம் சேர்க்க வேண்டும் என்பதைக் குறிக்கிறது. ஆகவே எண்ணை மட்டும் நம்பாமல், போர்டின் பின்புறத்துச் செப்புத் தடத்தைப் பின்தொடருங்கள். வட்டின் ஒரு கால் 12 வோல்ட் வழியிலும் மறுகால் எர்த்திலும் சேர்ந்தால், அந்த இடத்தில் 22 பிக்கோஃபாரட்டுக்குச் செய்ய ஒரு வேலையும் இல்லை என்பதால், அது அநேகமாக வேரிஸ்டர்தான். மோட்டார் நிற்கும்போதும், ஆல்டர்னேட்டர் ஓடும்போது பேட்டரி இணைப்பு கழன்றாலும் எழும் மின்னழுத்தத் துள்ளலை அது விழுங்குகிறது. கழற்றி, கெபாசிட்டர் அளக்கும் மீட்டரில் வைத்தால் ஆயிரக்கணக்கான பிக்கோஃபாரட் காட்டும்.

மூன்று கால் பாகம் டிரான்சிஸ்டர். ஜப்பானிய வழக்கப்படி முன்னொட்டான ‘2எஸ்’ உடலில் அச்சிடப்படுவதில்லை, முழுப்பெயர் 2எஸ்சி1815. ‘ஜிஆர்’ என்பது மின்னோட்டத்தை எத்தனை மடங்கு பெருக்கும் என்ற தரம்: 200 முதல் 400 வரை. கடைகளில் எளிதில் கிடைக்கும் பிசி547-ஐ மாற்றாகப் போடலாம், ஆனால் இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். தட்டையான முகத்தை நம் பக்கம் வைத்துக் கால்கள் கீழ்நோக்கி இருக்கப் பார்த்தால், 1815-இல் இடமிருந்து எமிட்டர், கலெக்டர், பேஸ். பிசி547-இல் கலெக்டர், பேஸ், எமிட்டர். காலை வளைத்து இடம் மாற்றாமல் அப்படியே செருகினால் சர்க்யூட் வேலை செய்யாது. மேலும் 1815 150 மில்லி ஆம்பியர் வரை தாங்கும், பிசி547 100 வரைதான். ரிலேயை நேரடியாக இயக்கும் இடமானால் அசல் எண்ணையே தேடுங்கள். உடலில் வேறு நான்கு இலக்க எண் இருந்து, ‘9213’ போலத் தோன்றினால், அதைப் பாக எண்ணாகக் கொள்ளாதீர்கள். பெரும்பாலும் அது 1992-இன் 13-ஆம் வாரம் என்ற தயாரிப்புக் குறிப்பு.

கண்ணாடிக் குழல் டயோடு. சாதாரணமானதா, மின்னழுத்தத்தை ஓர் அளவில் நிறுத்திவைக்கும் ஜீனரா என்பதே கேள்வி. மல்டிமீட்டரின் டயோடு அளவையில் இரண்டுமே 0.6 வோல்ட் அருகே காட்டும். ரிலே சுருளின் இரு முனைகளுக்கு இடையே குறுக்கே இருந்தால், சுருள் அணையும்போது எழும் எதிர்மின்னழுத்தத்தை அடக்கும் சாதாரண டயோடு அது. கோடுள்ள முனை ஒரு ரெசிஸ்டர் வழியே 12 வோல்ட்டுக்கும் மறுமுனை எர்த்துக்கும் போனால் ஜீனர். ஒரு காலை மட்டும் போர்டிலிருந்து கழற்றித் தூக்கி, கோடுள்ள முனைக்கு 12 வோல்ட் நேர்மின்னை 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாகவும் மறுமுனைக்கு எதிர்மின்னையும் கொடுத்து, குழலின் இரு முனைகளுக்கிடையே அளவெடுங்கள். 5 அல்லது 9 வோல்ட் போல ஓர் அளவில் நிலைத்தால் அதுவே அதன் மதிப்பு. கொடுத்த 12 வோல்ட்டும் அப்படியே தெரிந்தால் சாதாரண டயோடாகவோ, 12-க்கு மேற்பட்ட ஜீனராகவோ இருக்கலாம்.

இருந்தாலும், உங்கள் பழுதுக்கு நான் முதலில் சந்தேகிப்பது நீங்கள் கேட்காத அந்த மின்பகு கெபாசிட்டரைத்தான். இத்தகைய போர்டுகளில் வைப்பரின் இடைவெளி நேரத்தைக் கணக்கிடுவது பெரும்பாலும் அதுவே. முப்பது ஆண்டுகளில் உள்ளிருக்கும் திரவம் வற்றியிருக்கும். அதையும், ரிலேயின் கால்களைச் சுற்றி ஈயத்தில் மயிரிழை வளையமாக வெடிப்பு தெரிகிறதா என்பதையும் பார்த்துவிட்டு மற்றவற்றைக் கழற்றுங்கள்.