ஐ.க்யூ.வுக்கு முந்தைய பாடங்கள்

அன்புள்ள ஐயா,

சிறப்பாசிரியர் பயிற்சியில் இருக்கிறேன். அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகளுக்கான கல்வி நுண்ணறிவுச் சோதனைக்குப் பிறகுதான் தொடங்கியது என்று வகுப்பில் சொன்னார்கள். அதற்கு முன் ஒன்றுமே இல்லையா? இருந்தால் இன்றைக்கு உதவுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நுண்ணறிவுச் சோதனைகளின் முன்னோடியான பினே–சைமன் சோதனை வந்தது 1905இல். பாரிஸில் இட்டார் என்ற மருத்துவர் 1801லேயே பாடம் நடத்திக்கொண்டிருந்தார். சொல்லப்போனால், பின்னாளில் ஐ.க்யூ. எண்ணைக் (அந்தச் சோதனைகள் தரும் நுண்ணறிவு அளவை) காட்டிக் குழந்தைகளை வெளியே நிறுத்தியதும் நடந்தது. பள்ளிக்கு ஏற்றவர்கள் அல்லர் என்று சிலரை ஒதுக்கும் வழக்கம் இங்கிலாந்தில் 1970ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் ஒழிந்தது.

இட்டாரின் மாணவன் காட்டில் பிடிபட்ட விக்டர் என்ற சிறுவன். பலகையில் பொருள்களின் கோட்டுருவை வரைந்து, அந்தந்தப் பொருளை அதனதன் உருவில் மாட்டப் பழக்கினார். பையன் உருவத்தைப் பார்க்கிறானா, இடத்தை மனப்பாடம் செய்துவிட்டானா என்ற சந்தேகம் வந்ததும் வரிசையை மாற்றிப் பார்த்தார். பிறகு எழுத்துகள், எழுதிய சொற்கள். அங்கேதான் சிக்கல். ‘புத்தகம்’ என்று எழுதிக் காட்டினால் பாடத்தில் காட்டிய அதே புத்தகத்தைத் தேடுவான். பக்கத்தில் வேறொன்று இருந்தாலும் எடுக்க மாட்டான். அதைச் சரிசெய்த பிறகு, பயன்பாட்டில் ஒத்த பொருள்களையெல்லாம் ஒரே பெயரில் சேர்க்க ஆரம்பித்தான். விக்டருக்குப் பேச்சு வரவில்லை என்பதால் இதைத் தோல்விக் கதையாகவே சொல்கிறார்கள். எழுதிய சொல்லைப் புரிந்துகொண்டவனை அப்படித் தள்ளிவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இதே சிக்கல் உங்கள் வகுப்பிலும் வரும். ‘பந்து’ சொல்லித்தர ஒரே சிவப்புப் பந்தை வைத்துக்கொள்ளாதீர்கள். அளவு, நிறம், செய்த பொருள் (ரப்பர், துணி போல) மாறிய மூன்று நான்கு பந்துகளை முதலிலிருந்தே பயன்படுத்துங்கள். பந்து அல்லாத உருண்டை ஒன்றும் கூட இருக்கட்டும். வேறு அறையில், வேறு ஆள் கேட்டாலும் குழந்தை பந்தை எடுத்துத் தருகிறதா என்று பாருங்கள்.

இட்டாரைத் தொடர்ந்த செகுயின் என்ற பிரெஞ்சு மருத்துவர் பாடங்களை உடலசைவு, புலன்கள், அதன்பின் பேச்சு என்று வரிசைப்படுத்தினார். அவரிடமிருந்து இத்தாலியக் கல்வியாளர் மாண்டிசோரி எடுத்துக்கொண்டதுதான் மூன்று கட்டப் பாடம்: “இது பெரியது”, “பெரியதைக் காட்டு”, “இது எப்படி இருக்கிறது?” எடுப்பாக வேறுபடும் இரண்டு பொருள்கள் போதும். பெரும்பாலும் கெடுவது இரண்டாம் கட்டத்தில், அவசரத்தால். அதில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் பொருள்களை இடம் மாற்றி வையுங்கள், இல்லையென்றால் குழந்தை வலப்பக்கத்தை மட்டுமே தொட்டுப் பழகிவிடும். தவறாகக் காட்டினால் திருத்திக்கொண்டே இருக்காமல் முதல் கட்டத்துக்குத் திரும்புங்கள். பேச்சு வராத குழந்தையிடம் மூன்றாம் கட்டத்தில் வாய்ச்சொல்தான் வேண்டுமென்று நிற்காதீர்கள். படஅட்டையோ சைகையோ போதும்.