நாடி அடைப்பு: யோக நூல்கள் சொல்வதும் நீங்கள் செய்ய வேண்டியதும்

கேள்வி: எனக்கு 41 வயது. நாள் முழுக்க உட்கார்ந்து செய்யும் வேலை. சில மாதங்களாக நெஞ்சில் ஒரு கனம், தொண்டையில் ஏதோ சிக்கிக்கொண்ட மாதிரி உணர்வு, காலையில் எழும்போதே களைப்பு. யோகா வகுப்பில் இதைச் சொன்னபோது, "உங்கள் அநாகதமும் (நெஞ்சுச் சக்கரம்) விசுத்தியும் (தொண்டைச் சக்கரம்) அடைபட்டிருக்கின்றன, சக்தி மேலே ஏற முடியாமல் நிற்கிறது" என்றார்கள். அடைப்பை நீக்கத் தனியாக ஒரு சிறப்புப் பயிற்சி இருக்கிறதாம், அதில் சேரச் சொல்கிறார்கள். உண்மையிலேயே இப்படி ஒன்று உண்டா? எனக்கு இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வீட்டிலேயே ஏதாவது செய்யலாமா?

பதில்: முதலில் நெஞ்சுக் கனத்தைப் பார்த்துவிடுவோம், யோகம் அப்புறம். நீங்கள் சொல்லும் மூன்றும் சேர்ந்து மாதக்கணக்கில் நீடித்தால் ஒரு மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். இரத்தசோகை, தைராய்டு குறைபாடு, வயிற்று அமிலம் மேலேறுவது, தூக்கத்தில் மூச்சு தடைபடுவது, தொடர்ந்த மனப்பதற்றம், இதயக் கோளாறு என்று பல காரணங்கள் இதற்குப் பின்னால் இருக்கலாம். சிலவற்றை இரத்தப் பரிசோதனையிலும் ஈசிஜியிலுமே கண்டுபிடித்துவிடலாம். கனம் வலியாக மாறிக் கைக்கோ தாடைக்கோ பரவினாலும், வியர்வையும் மூச்சுத்திணறலும் சேர்ந்து வந்தாலும் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் அவசர சிகிச்சைக்குப் போங்கள். 'அநாகதத்தில் அடைப்பு' என்ற சொல்லை நம்பி இதைத் தள்ளிப்போட்டுவிடுவீர்களோ என்பதுதான் என் பெரிய கவலை.

சரி, அடைப்பு என்று ஒன்று யோக நூல்களில் இருக்கிறதா? இருக்கிறது. 15ஆம் நூற்றாண்டில் சுவாத்மாராமர் எழுதிய ஹடயோகப் பிரதீபிகை, நாடிகள், அதாவது பிராணன் என்னும் உயிர்ச்சக்தி ஓடும் நுண்ணிய பாதைகள், மலத்தால் (அழுக்கால்) நிறைந்திருக்கும்வரை பிராணன் நடு நாடிக்குள் போகாது என்கிறது. இடது பக்கம் இடகலை, வலது பக்கம் பிங்கலை, நடுவில் சுழுமுனை. சாதாரணமாகப் பிராணன் பக்க நாடிகள் இரண்டிலும் மாறி மாறி ஓடுகிறது, மனமும் அதன் பின்னாலேயே அலைகிறது. சுழுமுனை திறந்து பிராணன் அதற்குள் நுழைந்தால் மனம் அடங்குகிறது. பிராணாயாமத்தை அந்த நூல் இவ்வளவு வலியுறுத்துவது இதற்காகத்தான்.

இதை நிதானமாக யோசித்துப் பாருங்கள். பயிற்சியில் முதிராத எல்லாருடைய நாடிகளும் இந்தக் கணக்கில் அடைபட்டவைதான். நூல் அதை ஒரு தொடக்கநிலையாகச் சொல்கிறது; தனி ஒருவருக்கு வந்த கோளாறாகச் சொல்லவில்லை. தியானம் ஏன் கைகூடவில்லை என்பதற்கான விளக்கம் அது. உங்கள் தொண்டை ஏன் இறுக்கமாக இருக்கிறது என்பதற்கு அதிலிருந்து நேராகப் பதில் எடுக்க முடியாது.

முடிச்சுகள் பற்றியும் நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். பிரம்ம கிரந்தி, விஷ்ணு கிரந்தி, ருத்திர கிரந்தி என்று மூன்று. பிரதீபிகை இவற்றை முறையே நெஞ்சு, தொண்டை, புருவ மத்தி ஆகிய இடங்களில் வைக்கிறது. பிரம்ம கிரந்தியை முதுகெலும்பின் அடியிலுள்ள மூலாதாரத்திலும் விஷ்ணு கிரந்தியை நெஞ்சிலும் வைக்கும் மரபும் உண்டு. நாடிகளின் எண்ணிக்கையும் அப்படித்தான். பிரதீபிகை 72,000 என்கிறது, சிவ சம்ஹிதை என்ற இன்னொரு யோக நூல் மூன்றரை லட்சம் என்கிறது. ஒவ்வொரு மரபும் தன் சாதகர் (பயிற்சி செய்பவர்) எங்கே மனத்தை நிறுத்த வேண்டுமோ அதற்கேற்ற வரைபடத்தைத் தந்திருக்கிறது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். உள்ளே பயணம் போகிறவருக்கு அது பெரிய துணை. அதை எக்ஸ்ரே படம் மாதிரி வைத்துக்கொண்டு 'இங்கே அடைப்பு' என்று வெளியிலிருந்து ஒருவர் விரல் நீட்டுவதற்கு நூல்களில் இடமில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நெஞ்சுச் சக்கரம் பச்சை, தொண்டைச் சக்கரம் நீலம், இந்த உணர்ச்சியை அடக்கினால் அந்தச் சக்கரம் மூடிக்கொள்ளும் என்று வண்ணப் படங்களோடு சுற்றுகிறதே, அது 20ஆம் நூற்றாண்டில் மேலைநாடுகளில் உருவான விளக்கம். 1577இல் பூர்ணானந்தர் சக்கரங்களைப் பற்றி எழுதிய சட்சக்ர நிரூபணத்தில் அநாகதத்தின் 12 இதழ்களும் சிவப்பு. அந்த இதழ்களில் பச்சை இல்லை.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. நாடிகள் சுத்தமாகும்போது உடல் மெலிந்து லேசாகும், முகம் தெளியும், கண் தெளியும், பசித்தீ எரியும், உடம்பு நோயற்றிருக்கும் என்று நூல்கள் அடையாளம் சொல்கின்றன. யோக சூத்திரம் எழுதிய பதஞ்சலி எதிர்ப்பக்கத்திலிருந்து சொல்கிறார்: மனம் சிதறியிருப்பவருக்குத் துன்பம், மனச்சோர்வு, உடல் நடுக்கம், ஒழுங்கற்ற மூச்சு ஆகியவை கூடவே வரும். இவற்றில் நீங்களே இப்போது சோதிக்கக்கூடியது மூச்சுதான். முதுகு நிமிர்த்தி உட்கார்ந்து, ஒரு கையை நெஞ்சிலும் ஒரு கையை வயிற்றிலும் வைத்து, எதையும் மாற்றாமல் ஐந்து நிமிடம் கவனியுங்கள். நெஞ்சுக் கை மட்டும் ஏறி இறங்குகிறதா? மூச்சை விட்டு முடிப்பதற்குள் அடுத்ததை இழுக்கிறீர்களா? நடுவில் பெருமூச்சு வருகிறதா? மணிக்கணக்கில் குனிந்து உட்காருகிறவர்களுக்கு இது சகஜம். தோளும் கழுத்தும் இறுகி, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள உதரவிதானத் தசை முழுதாக இறங்காமல், மூச்சு மேல்நெஞ்சிலேயே நின்றுவிடுகிறது. களைப்புக்கும் தொண்டை இறுக்கத்துக்கும் இதுவும் ஒரு பங்காக இருக்கலாம்.

ஒரு நாசி மட்டும் அடைத்தாற்போல் இருப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம். இரு நாசிகளும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை மாறி மாறித் திறப்பது இயல்பு. 1895இல் ரிச்சர்ட் கைசர் என்ற மருத்துவர் இதைப் பதிவு செய்தார், நாசி மூச்சின் ஓட்டத்தைக் கவனிக்கும் சுவர யோகம் அதற்கு வெகுகாலம் முன்பே இதைக் கவனித்திருக்கிறது. ஒரே பக்கம் எப்போதும் அடைத்திருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

வீட்டில் செய்ய நாடி சுத்தி போதும். மருத்துவர் இதயத்தில் கோளாறு இல்லை என்று சொன்ன பிறகு தொடங்குங்கள். சாப்பிட்டு மூன்று மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். வலது கைப் பெருவிரலால் வலது நாசியை மூடி, இடது நாசியில் மனசுக்குள் நான்கு எண்ணும்வரை மெதுவாக இழுங்கள். மோதிர விரலால் இடதை மூடி, வலதைத் திறந்து, ஆறு எண்ணும்வரை விடுங்கள். பிறகு வலதில் இழுத்து இடதில் விட்டால் ஒரு சுற்று. முதலில் ஐந்து சுற்று, பழகியதும் பத்து. மூச்சுச் சத்தம் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கக் கூடாது. முடிந்ததும் உடனே எழுந்துவிடாமல், கையை இறக்கிவிட்டுச் சற்று நேரம் சும்மா இருங்கள். எண்ணிக்கைக்கு ஈடுகொடுக்க மூச்சு திணறினால் எண்ணிக்கையைக் குறையுங்கள். சளி பிடித்திருக்கும் நாளில் வேண்டாம்.

மூச்சை உள்ளே நிறுத்தாதீர்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. திருமந்திரத்தில் பூரகம் (மூச்சை இழுப்பது) 16, கும்பகம் (உள்ளே நிறுத்துவது) 64, ரேசகம் (விடுவது) 32 மாத்திரை என்ற கால அளவு வருகிறது. அதைப் படித்துவிட்டு முதல் வாரமே 64 எண்ணப் பார்க்கிறவர்கள் உண்டு. அது முதிர்ந்த சாதகருக்கான அளவு. சிங்கம், யானை, புலியைப் பழக்குவதுபோலக் கொஞ்சம் கொஞ்சமாக மூச்சை வசப்படுத்த வேண்டும், தவறினால் அது சாதகரையே கொல்லும் என்கிறது பிரதீபிகை. தவறான பிராணாயாமத்தால் விக்கல், இரைப்பு, இருமல், தலைவலி, காதுவலி, கண்வலி வரும் என்றும் பட்டியல் இடுகிறது. கபாலபாதி, பஸ்திரிகை போன்ற வேகமான பயிற்சிகளையும் இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். உயர் இரத்த அழுத்தம், இதய நோய், குடலிறக்கம், வலிப்பு, கண் அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இவற்றைத் தாமாகச் செய்யவே கூடாது.

பயிற்சியின்போது கண்ணீர் வரலாம். வந்தால் நிறுத்திவிட்டு அமைதியாக இருங்கள், தப்பில்லை. தலைசுற்றல், படபடப்பு, நெஞ்சுவலி வந்தால் அதை 'அடைப்பு உடைகிறது' என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள்.

மூச்சோடு இன்னும் இரண்டு விஷயம். வேலைக்கு நடுவில் மணிக்கு ஒருமுறை எழுந்து தோளைச் சுழற்றி, இரு பக்கமும் மெதுவாக உடலைத் திருப்புங்கள். இரவு உணவைக் குறைத்து, நேரத்தோடு முடியுங்கள். யோகத்தைக் கெடுக்கும் ஆறில் முதலாவதாக மிகையான உணவைத்தான் பிரதீபிகை வைக்கிறது. அடுத்து மிகையான உழைப்பு, அதற்கடுத்து அதிகப் பேச்சு.

சிறப்புப் பயிற்சியில் சேரலாமா? இப்போது வேண்டாம். நாடி சுத்திக்கு நூல் சொல்லும் காலம் மூன்று மாதத்துக்கு மேல். நாளும் விடாமல் அவ்வளவு காலம் செய்துவிட்டு, அதே ஐந்து நிமிடச் சோதனையை மறுபடி செய்து பாருங்கள். அதற்கு மேல் போக விரும்பினால் ஆசிரியரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: இதில் கும்பகம் உண்டா, என் மருத்துவ அறிக்கையைப் பார்ப்பீர்களா, நடுவில் உடம்புக்கு ஒத்துவராவிட்டால் என்ன செய்வீர்கள்? மூன்றுக்கும் நிதானமாகப் பதில் சொல்கிறவரிடம் தயங்காமல் கற்றுக்கொள்ளலாம். அடைப்பைக் காட்டிப் பயமுறுத்தித்தான் அவர் பேசுகிறார் என்றால், அங்கே போகாதீர்கள்.