இரண்டாம் மாத ஊசியும் நின்றுபோன நடையும்

கேள்வி: எங்கள் மகளுக்கு ஒன்பது கிழமை (வாரம்). பிறந்து பத்தாம் நாள் கக்கத்தில் பிடித்து நிறுத்தியபோது, கட்டில்மேல் ஒவ்வொரு காலாகத் தூக்கி வைத்து நடந்தாள். எங்கள் லயத்தில், வரிசை வீடுகளில், இருக்கிற எல்லாரும் வந்து பார்த்தார்கள். அவளுடைய அப்பா போனில் வீடியோவும் எடுத்தார். போன கிழமை கிளினிக்கில் இரண்டாம் மாத ஊசி போட்டோம். இப்போது நிறுத்தினால் காலை மடக்கிக்கொண்டு தொங்குகிறாள். ஊசிதான் காலைக் கெடுத்துவிட்டது, இனி நாலாம் மாத ஊசிக்குக் கொண்டுபோகாதே என்கிறார் அவளுடைய அப்பாயி (அப்பாவின் அம்மா). என்ன செய்வது, டொக்டர்?
- ஒரு தாய், அக்கரப்பத்தனை

பதில்: மகள், ஊசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஊசியே போடாத பிள்ளையும் இந்த வயதில் அடி வைப்பதை நிறுத்தும். அப்பாயி கண்டது பொய்யல்ல. அட்டவணைப்படி ஊசி வருவது இரண்டாம் மாதம், பிறவியில் வந்த அந்த நடை மறைவதும் ஏறக்குறைய இரண்டாம் மாதம். இரண்டும் ஒரே கிழமையில் வந்துவிட்டால் பழி ஊசி தலையில் விழத்தான் செய்யும்.

பத்தாம் நாளில் அவள் நடந்தது நாம் நடக்கிற நடையல்ல. உள்ளங்கால் தரையில் பட்டதும் கால் தானாக மடங்கி எழும்பும். அது ஒரு தெறிவினை. உள்ளங்கையில் விரலை வைத்தால் இறுக்கிப் பிடிப்பதும், சத்தம் கேட்டால் இரு கையையும் விரித்துத் திடுக்கிடுவதும் இதே வகைதான். அவையும் ஆறு மாதத்துக்குள் ஒவ்வொன்றாகப் போய்விடும். போகாவிட்டால்தான் நான் கவலைப்படுவேன்.

நடை ஏன் மறைகிறது? மூளை வளர்ந்து பழைய தெறிவினையை அடக்கிவிடுகிறது என்றுதான் நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் 1984இல் அமெரிக்க உளவியலாளர் எஸ்தர் தெலனும் கூட்டாளிகளும் மிக எளிய ஒரு வேலை செய்து பார்த்தார்கள். சின்னப் பிள்ளைகளை வெதுவெதுப்பான தண்ணீரில் நெஞ்சளவுக்கு இறக்கிப் பிடித்தார்கள். பிள்ளைகள் வெளியே இருந்ததைவிடத் தண்ணீருக்குள் அதிகமாக அடி வைத்தார்கள். நன்றாக அடி வைத்துக்கொண்டிருந்த பிள்ளைகளின் காலில் சிறு எடை கட்டியபோது அடிகள் குறைந்தன.

ஆக, பிள்ளை நடையை மறக்கவில்லை, கால் கனத்துவிட்டது. முதல் இரண்டு மாதத்தில் தொடையிலும் கெண்டைக்காலிலும் கொழுப்பு ஏறுகிற வேகத்துக்குத் தசை ஈடுகொடுக்காது. சராசரியாக ஒரு பெண்பிள்ளை பிறக்கும்போது 3.2 கிலோ, இரண்டு மாதத்தில் 5.1 கிலோ. ஐந்து கிலோத் தேயிலைக் கொழுந்தோடு ஏற்றம் ஏறுகிறவருக்கு முதுகில் இன்னொரு கூடையையும் மாட்டிவிட்டால் எப்படியிருக்கும்? உங்கள் மகளின் காலில் மடிப்பு மடிப்பாக விழுந்திருக்கிறதே, அதுதான் அந்த இரண்டாவது கூடை. தாய்ப்பால் நன்றாக ஒட்டியிருக்கிறது என்று சந்தோசப்படுங்கள்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். உங்கள் பக்கத்துக் குளிருக்கு, வெயில் ஏறிய நேரமாக, கதவைச் சாத்திவிட்டுச் செய்யுங்கள். பெரிய பேசினில், முழங்கையை விட்டுப் பார்த்தால் இதமாக இருக்கிற சூட்டில் தண்ணீர். ஒருவர் கக்கத்தையும் தலையையும் சேர்த்துத் தாங்க வேண்டும், மற்றவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். பாதம் பேசினின் அடியைத் தொட்டதும் கால் மெல்ல எழும்பக்கூடும். எழும்பாவிட்டாலும் பயமில்லை, குளித்த மாதிரி ஆயிற்று.

அதைவிட லேசான சோதனை, மல்லாக்கப் படுக்கவைத்துப் போர்வையை எடுத்துவிடுவது. மாறி மாறி உதைக்கிறாளா? நிறுத்திப் பிடித்தபோது செய்த அதே அசைவைத்தான் இப்போது படுத்துக்கொண்டு செய்கிறாள். இரண்டு காலும் ஒரே மாதிரி உதைத்தால் எனக்கு அது போதும். ஊசி போட்ட தொடை ஓரிரு நாள் நொந்து, அந்தக் கால் கொஞ்சம் அசையாமல் இருக்கலாம், காய்ச்சலும் வரலாம். ஒரு கிழமை கடந்தும் ஒரு கால் மட்டும் அசையவில்லை என்றால் உடனே காட்டுங்கள்.

நம் மலைப்பக்கத்தில் நான் ஓயாமல் சொல்லுகிற விசயம் ஒன்று உண்டு. குளிருக்குப் பிள்ளையைச் சுற்றுங்கள், ஆனால் காலை நேராக இழுத்துப் பொட்டலம்போல் கட்டாதீர்கள். அப்படிக் கட்டினால் உதைக்க முடியாது, இடுப்பு மூட்டும் விலகக்கூடும். இடுப்புக்குக் கீழே துணி தளர்வாக இருக்கட்டும். கழுத்து நின்ற பிள்ளையை அப்பாயிமார் காலை அகட்டி இடுப்பில் வைத்துக்கொள்வார்களே, அது மூட்டுக்கு மிக நல்லது. அதை அவரிடம் சொல்லுங்கள், நாம் சொல்லும் மற்றதையும் கேட்பார்.

கொஞ்ச நாளில் யாராவது சில்லு வைத்த நடைவண்டி வாங்கி வருவார்கள். வேண்டாம். பிள்ளை அதனால் முந்தி நடக்காது; லயத்து இஸ்தோப்பு (திண்ணை) படியிலும் தண்ணீர் ஓடும் கானிலும் உருண்டு விழத்தான் உதவும். கனடா 2004இல் அதன் விற்பனையையே தடை செய்தது. உலக சுகாதார அமைப்பின் கணக்கில் பிள்ளைகள் தனியாக நடக்கத் தொடங்குவது 8 மாதத்துக்கும் 18 மாதத்துக்கும் இடையில். பக்கத்துக் காம்பிரா (லயத்து அறை) பிள்ளை பத்தில் நடந்தால் உங்கள் பிள்ளை பதினைந்தில் நடக்கட்டும்.

நாலு மாதமாகியும் தலை நிற்கவில்லை, உடம்பு துணிபோல் துவள்கிறது, கால்கள் விறைத்துக் கத்தரிக்கோல்போல் பின்னிக்கொள்கின்றன, பதினெட்டு மாதமாகியும் நடக்கவில்லை: இவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காமல் டொக்டரிடம் போங்கள்.

நாலாம் மாத ஊசியைத் தவறவிடாதீர்கள். தொண்டைக்கரப்பான் (டிப்தீரியா), குக்கல் (கக்குவான் இருமல்), ஏற்பு (டெட்டனஸ்) ஆகியவற்றுக்கான தடுப்பு அதில் அடங்கும். ஒரே அறையில் ஐந்தாறு பேர் படுக்கிற இடத்தில் குக்கல் கைக்குழந்தைக்கு வந்தால் என்னாகும் என்று அப்பாயிக்கு நான் சொல்லத் தேவையில்லை. அன்றைக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். மிட்வைஃப் மிஸ்ஸிடம் சொல்லி, பிள்ளையின் இரண்டு காலையும் மடக்கி நீட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அப்பாயி பக்கத்தில் நின்று பார்க்கட்டும்.