காலில் மோட்டார் கட்டிக்கொண்டு மலையேறலாமா?

வாசகர் கேள்விகளுக்கு எங்கள் பிசியோதெரபிஸ்ட் பதில் சொல்கிறார்

? என் மகன் ஷாங்காயில் வேலை பார்க்கிறான். ஏப்ரலில் எங்கள் இருவரையும் தாய்ஷான் மலைக்கு அழைத்துப் போகிறேன் என்கிறான். அங்கே இடுப்பில் மோட்டார் கட்டி விடுகிறார்களாம், படி ஏறுவதே தெரியாதாம். எனக்கு 63 வயது, இரண்டு முட்டியிலும் தேய்மானம். நம்பிப் போகலாமா?
– வாசகி, திண்டுக்கல்

அம்மா, தாராளமாகப் போங்கள். ஆனால் அந்தக் கருவியை நம்பிப் போகாதீர்கள். போன அக்டோபரில் அதே படிகளில் அதைக் கட்டிக்கொண்டு ஏறியவள் நான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

என் மகள் ஜினானில் படிக்கிறாள். அங்கிருந்து மலையடிவாரத்து ஊரான தைஆனுக்கு ரயிலில் அரை மணி நேரம்கூட ஆகாது. அடிவாரத்திலிருந்து உச்சிக்குச் சுமார் 7,000 கல் படிகள். 2025 சீனப் புத்தாண்டு சமயத்தில்தான் அங்கே இந்த எக்ஸோஸ்கெலிட்டன் கருவியை, அதாவது உடம்புக்கு வெளியே கட்டிக்கொண்டு நடைக்கு உதவும் மோட்டார் சட்டத்தை, வாடகைக்கு விட ஆரம்பித்தார்கள். ஷென்சென் கம்பெனி ஒன்றின் தயாரிப்பு. எடை 1.8 கிலோ, ஆரம்பித்தபோது வாடகை 60 முதல் 80 யுவான்.

பார்க்க ஒரு அகலமான பெல்ட் மாதிரி இருக்கும். இடுப்பின் இரண்டு பக்கமும் உள்ளங்கை அளவு மோட்டார், அதிலிருந்து தொடையை நோக்கி இறங்கும் ஒரு கம்பி, கம்பியின் நுனியில் தொடையைச் சுற்றிக் கட்டும் பட்டை. நான் சல்வார் போட்டிருந்தேன். பத்துப் படி ஏறுவதற்குள் துணி பட்டைக்குள் சுருண்டு தொடையை அறுக்க ஆரம்பித்துவிட்டது. கட்டிவிட்ட பெண் ஓடி வந்து அவிழ்த்து, துணியை நீவிவிட்டு, மறுபடி இறுக்கினாள். ஒட்டிய பேண்ட் போட்டுக்கொண்டு போங்கள், புடவையோடு இதைக் கட்டவே முடியாது.

நடக்கத் தொடங்கியதும் ஐந்தாறு அடிக்குள் கருவி நம் நடையைப் படித்துக்கொள்கிறது. அப்புறம், காலைத் தூக்கலாம் என்று நாம் நினைக்கும் நேரத்தில் யாரோ தொடைக்கு அடியில் கை கொடுத்து மேலே ஏந்துவது போல இருக்கிறது. நிஜமாகவே சுகம். பாதி வழியில் இருக்கிற சோங்தியன்மென் வரை மூச்சு வாங்காமல் ஏறினேன். அங்கே டீ குடிக்கக் கழற்றி வைத்தபோது இரண்டு காலும் ஈர மண் ஒட்டியது போலக் கனத்தன. பழகிய கை போய்விட்ட உணர்வு அது, ஐந்து நிமிடத்தில் சரியாகிவிட்டது.

இப்போது உங்கள் முட்டிக்கு வருகிறேன். கருவி வேலை செய்கிற இடம் இடுப்பு மூட்டு. தொடையைத் தூக்கும் வேலையை அது பங்கு போட்டுக்கொள்கிறது. ஆனால் உங்களுக்கு வலி எப்போது வருகிறது? பாதத்தைப் படியில் ஊன்றி உடம்பை அதன் மேல் ஏற்றும்போது. அதைவிட, இறங்கும்போது. செயற்கை மூட்டுக்குள்ளேயே அளவுமானி வைத்து ஜெர்மனியில் அளந்திருக்கிறார்கள். சமதரையில் நடக்கும்போது முட்டியில் இறங்கும் பாரம் உடல் எடையைப் போல சுமார் இரண்டரை மடங்கு. படி ஏறும்போது மூன்று மடங்குக்கு மேல், இறங்கும்போது ஏறக்குறைய மூன்றரை மடங்கு. நீங்கள் 65 கிலோ என்றால், இறங்கும் ஒவ்வொரு படியிலும் ஒரு முட்டியில் 220 கிலோவுக்கு மேல். இடுப்பு மோட்டார் இந்தக் கணக்கைப் பெரிதாக மாற்றாது. மேலே பதினெட்டு வளைவு என்று ஒரு பகுதி, அதில் மட்டும் 1,600 படிக்கு மேல், நிமிர்ந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். என் முன்னால் போன ஒரு பாட்டி கருவியும் கட்டியிருந்தார், கையில் தடியும் வைத்திருந்தார். அவர் சாய்ந்தது தடியின் மேல்தான்.

“படி ஏறுவதே தெரியாது” என்பதெல்லாம் விளம்பரப் பேச்சு. ஹார்வர்டில் ஆய்வாளர் கானர் வால்ஷின் குழு 2019-ல் இடுப்புக்கு உதவும் துணிக்கருவி ஒன்றைச் சோதித்தபோது, நடக்கையில் உடம்பு செலவழிக்கும் சக்தி 9.3 சதவீதம் குறைந்தது. ஸ்டான்ஃபோர்டில் 2022-ல் கணுக்காலுக்கு மோட்டார் வைத்த பூட்ஸில் 17 சதவீதம் மிச்சமானது. நல்ல முன்னேற்றம்தான், எனக்கு இதில் உண்மையான சந்தோஷம். ஆனால் மீதி 83 சதவீதமும் உங்கள் உடம்பு கொடுத்தாக வேண்டுமே!

ஆகவே இப்படிச் செய்யுங்கள். சோங்தியன்மென் வரை பஸ், அதற்கு மேல் ரோப் கார். ஆசைக்குக் கீழே ஒரு 200 படி கருவியோடு ஏறிப் பாருங்கள், படம் எடுத்துக்கொள்ளுங்கள். இறங்குவது முழுக்க ரோப் காரும் பஸ்ஸும். இன்றிலிருந்தே, கை ஊன்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து எழுவதைப் பத்துப் பத்தாக தினமும் மூன்று தடவை செய்யுங்கள். வலி கூடினால் நாற்காலி மேல் ஒரு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளலாம். கிளம்பும் முன் இதய டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

? கருவி பழகிவிட்டால் காலில் சதை வற்றிவிடாதா? பேட்டரியை விமானத்தில் விடுவார்களா?
– வாசகர், ஓசூர்

வாரம் ஒருநாள் மலைக்குப் போகும்போது மட்டும் கட்டினால் வற்றாது. கடைக்குப் போகவும் கட்டினால் கவலைப்பட வேண்டியதுதான். சில மாடல்களில், உதவுவதற்குப் பதிலாக காலைப் பிடித்து இழுத்து உடற்பயிற்சி தரும் முறையும் உண்டு. வாங்குவதாக இருந்தால் அதைக் கேட்டு வாங்குங்கள். கழற்றிய லித்தியம் பேட்டரி கைப்பையில்தான் வர வேண்டும், லக்கேஜில் போடக்கூடாது. பேட்டரியின் கொள்ளளவு 100 வாட்-ஹவருக்குள் இருந்தால் பொதுவாகச் சிக்கல் இல்லை.

? என் தம்பிக்கு 29 வயது. பைக் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இரண்டு காலும் செயலிழந்துவிட்டது. இந்த மலையேறும் கருவியை வாங்கிக் கொடுத்தால் நடப்பானா? ஒரு கடைக்காரர் நடப்பான் என்கிறார்.
– வாசகி, ஈரோடு

இல்லை அம்மா. அந்தப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். மலையேறும் கருவி, ஏற்கெனவே நடக்கிற காலுக்குத் துணை. கால் அசையாவிட்டால் அதற்கு என்ன செய்வதென்றே தெரியாது.

தம்பி போன்றவர்களுக்கென்று செய்யப்பட்டவை வேறு. ரீவாக் என்ற கருவியை உருவாக்கியவர் இஸ்ரேல் பொறியாளர் அமித் கோஃபர். 1997-ல் ஒரு விபத்தில் அவருக்கே கழுத்துக்குக் கீழே செயலிழந்தது. இடுப்பிலும் முட்டியிலும் மோட்டார் வைத்து, கால் முழுவதையும் தாங்கி நடத்தும் கருவியை அவர் செய்தார். 2014-ல் அமெரிக்க அரசு அதை வீட்டில் பயன்படுத்தவும் அனுமதித்தது. ஆனால் ஊன்றுகோலைப் பிடிக்கக் கையில் பலம் வேண்டும். அவர் கையிலோ பலமில்லை, அதனால், தான் செய்த கருவியில் அவராலேயே நடக்க முடியவில்லை. இதை நான் நினைக்காத நாள் குறைவு.

எனவே கருவியின் விலையைக் கேட்பதற்கு முன்னால் தம்பியின் உடம்பைப் பார்க்க வேண்டும். முட்டியும் கணுக்காலும் இறுகிப்போகாமல் முழுவதும் மடங்கி நீள்கின்றனவா? எலும்பின் அடர்த்தி எப்படி? புட்டத்திலோ குதிகாலிலோ படுக்கைப் புண் உண்டா? பிடித்து நிற்க வைத்தால் தலைசுற்றுகிறதா? இவற்றோடு, எந்த முள்ளெலும்பில் அடி என்று எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் எழுதியிருப்பதையும், இரண்டு கையாலும் ஊன்றி உடம்பைச் சக்கர நாற்காலியிலிருந்து தூக்க முடிகிறதா என்பதையும் எனக்கு எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டுத் தனிக் கடிதமாகவே பதில் அனுப்புகிறேன்.